முத்து போட்ட முகம்

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்றைக்கோ எனக்குப் பிறக்கப்போகிற மகள் நீ; உனக்குப் பெயர் இல்லை, நீ இன்னும் பிறக்கவே இல்லை. எனக்கே பதினாறு முடியவில்லை. இதை நீ படிக்கும்போது என்னைவிடப் பெரியவளாக இருப்பாய், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய். அப்போது இந்தக் கடிதத்தை எழுதியவள் உன்னைவிடச் சின்னப் பெண். அதனால் திட்டாமல் படி. தமிழ் படிக்கத் தெரியாமல் போயிருந்தால் யாரையாவது விட்டு வாசிக்கச் சொல். இந்த ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்குக் கன்னடம்தான் முதலில் வருகிறது. யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லப் பயம். அப்பா லாரியோடு எங்கேயோ வடக்கே இருக்கிறார். பள்ளியில் சொன்னால் மறுநாள் எல்லோருக்கும் தெரியும். இப்போதைக்கு யாரிடமும் போய்ச் சொல்ல முடியாத ஆள் நீ ஒருத்திதான். அம்மா தூங்கிய பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், களைப்பாக இருக்கிறது.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகிறது. அல்சூர் மெட்ரோ படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுகிறாள். நான் கூட இருந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிகிறாள். உடம்பில் ரத்தமே இல்லை, இதற்கு மேல் தள்ளிப்போடாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தேதி கொடுத்தார்கள். இப்போது அம்மா போக மாட்டேன் என்கிறாள். சந்தோஷமாகச் சொல்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் போகாததற்குக் காரணம் என் முகம். என் முகத்தில் இருக்கும் பரு.

உனக்கும் பரு வரும். அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, உன்னை மட்டும் விட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் முதலில் நான் செய்த முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். பற்பசை தடவினேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். நகத்தால் கிள்ளினேன், கிள்ளிய இடமெல்லாம் கறுப்பாக நின்றுவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் வாயால் சொல்லி ஒரு கிரீம் வாங்கினேன். போட்ட ஒரு வாரம் முகம் பளபளவென்று இருந்தது. பக்கத்து வீட்டில்கூட என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். விட்டதும் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. வகுப்பில் பின் பெஞ்சுப் பையன்கள் எனக்கு அக்கி ரொட்டி என்று பெயர் வைத்தார்கள், இங்கே தட்டுகிற மேடு பள்ளமான அரிசி ரொட்டி அது. நான் உள்ளே வந்தால் ஒருவன் சட்னி எங்கே என்று கேட்பான். அம்மாவிடம் ஒரு தடவை அழுதேன். வயசுல வரும், வயசோட போயிடும், போய்ப் படி என்றாள். அவள் ஆறு வீட்டில் சமைத்துவிட்டு வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். அந்த நேரத்தில் போய் முகத்தைப் பற்றிப் பேசியது என் தப்புதான்.

என் பெஞ்சில் உட்காரும் ஷபானாதான் வழி சொன்னாள். க்யா ரே, யூடியூபைப் பார்த்துப் பார்த்து மூஞ்சியைப் புண்ணாக்கிக்கிறியே, டாக்டரைக் கேளேன், போன்லயே வருவாங்க என்றாள். அம்மாவின் பழைய போன் என்னிடம் இருந்தது. அவள் சொன்ன டாக்டர் ஆப்பில் வயதைக் கேட்ட இடத்தில் பதினெட்டு என்று போட்டேன். முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே என்று அந்த டாக்டர் எழுதினார். அப்புறம்தான் கண்டுபிடித்தேன், அந்த போன் எடுக்கிற முகத்தையெல்லாம் தானாகவே வழவழப்பாக்கிவிடுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நின்று மறுபடி எடுத்து அனுப்பியதும் வீடியோவிலேயே வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத டாக்டரம்மா. கன்னடத்தில்தான் பேசினார். வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா குளிக்கிறாங்க என்று சொன்னேன். அம்மா அப்போது வேலையில் இருந்தாள். கடைக் கிரீமை அன்றே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினால் கொஞ்ச நாள் அதிகமாகும், பயப்படாதே என்றார். இரவில் பட்டாணி அளவு ஒரு ஜெல். சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்தில் தாடைப் பக்கம் அடங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அம்மா எனக்கும் சேர்த்து மாலை போட்டாள். எங்கள் மர்பி டவுனிலிருந்து வருஷா வருஷம் பெண்கள் எல்லோரும் சிவப்புப் புடவை கட்டி, இருமுடி கட்டிக்கொண்டு ஆத்தா கோயிலுக்குப் பஸ்ஸில் போவார்கள். போகிற வழியில் இன்னும் நாலைந்து கோயில். பெண்கள் எந்த நாளிலும் உள்ளே வரலாம், தீட்டு இல்லை என்கிற கோயில் அது. அதனால்தான் அம்மாவுக்கு அங்கே அவ்வளவு பிடிக்கும்; வேறு எங்கே போனாலும் அவள் கணக்குப் பார்த்து வாசலில் நிற்க வேண்டும். நான் டாக்டருக்கு எழுதினேன்: மூன்று நாள் பயணம், பஸ், தூசி, வெயில், என்ன செய்யட்டும். அவர் பொறுமையாகப் பதில் போட்டார். பஸ் சீட்டில் முகம் படும் இடத்தில் சொந்தத் துணி விரித்துக்கொள். அடுத்தவர் துண்டால் துடைக்காதே. இரண்டு வேளைக்கு மேல் சோப்பு வேண்டாம். கடைசியில் தனியாக ஒரு வரி: நீ சாப்பிடுகிற மாத்திரைக்கு வெயில் ஆகாது, சன்ஸ்கிரீனை மறக்காமல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தடவு, தலையை மூடு, முகம் எரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

சன்ஸ்கிரீனைப் பைக்குள் வைத்தேன். கிளம்புகிற அன்று அம்மா பையைப் பிரித்து அடுக்கினாள். டியூபை எடுத்து அலமாரியில் வைத்தாள். கோயிலுக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா என்று கேட்டாள். விரதத்தில் மஞ்சள், குங்குமம் தவிர முகத்தில் எதுவும் போடக்கூடாது என்று குழுவை நடத்துகிற செல்வியக்கா சொல்லியிருக்கிறாராம். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் டியூப் ஏது, டாக்டர் ஏது, மாத்திரை ஏது என்று ஒவ்வொன்றாக வரும். மாத்திரை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது, படிக்க எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த இடத்தில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. அல்லது மாத்திரையையும் அலமாரியிலேயே விட்டிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் விட்டால் முகம் பழையபடி ஆகிவிடும் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

பஸ் நன்றாகத்தான் இருந்தது. மாலை போட்டவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சக்தி என்றுதான் கூப்பிட வேண்டும். சக்தி, கொஞ்சம் நகருங்க சக்தி. சக்தி, புளியோதரை இருக்கா சக்தி. என் அம்மாகூட என்னை, சக்தி, வாயை மூடிக்கிட்டுத் தூங்கு என்றாள். ஓசூர் தாண்டியதும் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டு கைதட்டினாள். அவள் முகம் வெளுத்துப்போய் இருந்தது, ஆனால் சிரித்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் திறந்தவெளியில் வெறுங்காலோடு வரிசை. தலைக்கு மேல் வெயில், தலையில் இருமுடி. முதலில் மூக்கு எரிந்தது, பிறகு கன்னம், பிறகு கையின் மேல்புறம். ஏதோ மிளகாய் அரைத்துப் பூசியது போல. புடவைத் தலைப்பை இழுத்து மூடினேன். சாமி முன்னாடி முக்காடு போடாதம்மா என்று பின்னால் நின்ற ஒரு பெண் எடுத்துவிட்டார்.

சாயங்காலம் சத்திரத்து ஹாலில் பூஜை. எனக்குக் குளிர்ந்தது, உடம்பு நடுங்கியது. கண்ணாடி இல்லாததால் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது; பார்த்தவர்கள் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். செல்வியக்கா கற்பூரத்தட்டோடு என் பக்கம் வந்தார், அப்படியே நின்றார். என் முகம் முழுக்கச் சிவந்து வீங்கி, இருந்த பருவெல்லாம் துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது. ஆத்தா முத்து போட்டிருக்கா, பொண்ணு மேல இறங்கிட்டா என்று சொன்னார். அவ்வளவுதான். பாட்டு நின்றது. யாரோ குலவை விட்டார்கள். என்னைப் பலகையில் உட்கார வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை மடியில் கொட்டினார்கள். மஞ்சள் பட்ட இடமெல்லாம் இன்னும் எரிந்தது, நான் இன்னும் நடுங்கினேன், அவர்கள் இன்னும் நம்பினார்கள். ஒரு பெண் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருத்தி புருஷன் குடியை விடுவானா என்று கேட்டாள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. இது அம்மன் இல்லை, மாத்திரை என்று எனக்கு மட்டும் தெரியும். மாலை போட்டுக்கொண்டு மறைத்து மாத்திரை சாப்பிட்டவள் என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது.

அப்போது அம்மா வந்தாள். என் அம்மா என் முன்னால் முட்டி போட்டாள். கையைக் கூப்பினாள். நீ பெரியவளாகி எத்தனை கஷ்டம் பார்த்திருந்தாலும், உன்னைப் பெற்றவள் உன்னைப் பார்த்து அழுதுகொண்டு கும்பிடுவதைப் பார்த்திருக்க மாட்டாய், பார்க்கவும் வேண்டாம்.

"கத்தி படாம நீயே பாத்துக்குவியா தாயே? நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமில்ல?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். ஏன் என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவள் எழுந்து போனால் போதும் என்று இருந்தது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் அழுகை அதிகமாகும் என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை உனக்கு மட்டும் சொல்கிறேன்: எனக்கும் அவளை அறுக்க வேண்டாம் என்றுதான் ஆசை. ஹாலில் எல்லோரும் சத்தமாக அழுதார்கள். அம்மா என் காலில் நெற்றியை வைத்தாள். சூடாக இருந்தது.

பிறகு கழிவறையில் போய் முகத்தைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். வெளியே இரண்டு பேர் எனக்குக் காவல் நின்றார்கள். பதில் சீக்கிரமே வந்தது. இது வெயிலும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை, மாத்திரையை இப்போதே நிறுத்து, ஈரத்துணி வை, மஞ்சள் எதுவும் போடாதே, வெயிலில் நிற்காதே, கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ, யாராவது பெரியவர்களிடம் காட்டு. பெரியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் மேடம் என்று எழுத நினைத்தேன். சரி மேடம் என்று மட்டும் எழுதினேன்.

வந்து ஒரு நாள் ஆகிறது. முகம் தோல் உரிந்து அடங்குகிறது, ஆத்தா இறங்கிப் போகிறாள் என்கிறார்கள். தெருவிலிருந்து வளையலும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, ரத்தப் பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். வேணாம் சிஸ்டர், எனக்குச் சரியாயிடும் என்றாள் அம்மா. மத்தியானம் ஒரு வீட்டுச் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம், அந்த வீட்டம்மா ஆட்டோ வைத்து அனுப்பினார். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. செல்வியக்கா வீட்டுப் பூஜையில் என்னை மறுபடி உட்கார வைக்கப் போகிறார்கள். சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நாளைக்கும் நடுங்கி, ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஆத்தாவாகவே சொல்லிவிடலாம். அம்மா உடனே கிளம்பிவிடுவாள். யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள். சாயங்காலத்திலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு அடுத்த செவ்வாயும் உட்கார வேண்டும். அந்தப் பெண்ணின் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று சொல்ல வேண்டும். அம்மா இனிமேல் என்னை எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், பயந்து, ஒரு அடி தள்ளி நின்று. சத்திரத்திலிருந்தே அவள் என்னை ஒரு தடவைகூட 'டி' போட்டு அழைக்கவில்லை. எனக்கு அது வேண்டும்.

செவ்வாய். மறுபடி எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். அம்மா சமையலறையில் பூஜைக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். ஜாமெட்ரி பாக்ஸை அவள் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். மாத்திரை அட்டையைக் காட்டினேன். போனில் டாக்டர் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வயதைப் பொய்யாகப் போட்டது, அம்மா குளிக்கிறாள் என்று சொன்னது, சன்ஸ்கிரீன், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத உன் கையில குடுத்ததும் ஆத்தாதான்னு வெச்சுக்கயேன்," என்றாள் மெதுவாக.

"இல்லம்மா. தலையாட்டினது நான்தான். எனக்கு பயமா இருந்துச்சு, ஆட்டிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"நான் கேட்ட மாதிரி கேட்டா யாரா இருந்தாலும் ஆட்டத்தாண்டி செய்வாங்க," என்றாள். "மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்கவே மாட்டேன்னு எனக்கு ஒரு நெனப்பு. உங்கப்பா எங்கயோ கெடக்காரு. நீ தனியா நின்னா என்ன பண்ணுவேன்னு... யாராச்சும் வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமியாகப் பார்த்த முகத்தை மகளாகப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது என்று நினைக்கிறேன். பிறகு திரும்பி, தாடையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டி, தோல் உரிந்த இடத்தைப் பார்த்தாள். அந்த டாக்டரம்மா நல்லவங்களா என்று கேட்டாள். நல்லவங்க என்றேன். அடுத்த தடவை நான் இருக்கிறப்ப போன் போடு, உன் நெஜ வயச நானே சொல்றேன் என்றாள். கொஞ்சம் கழித்து, அவங்க முகத்துக்கு மட்டுந்தானா, வயித்துக்கும் பார்ப்பாங்களா என்று கேட்டாள். வயிற்றுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்மா என்றேன். பெருமூச்சு விட்டாள்.

செல்வியக்கா வாசலில் வந்து கூப்பிட்டார், நேரமாச்சு, பொண்ண அனுப்புங்க சக்தி என்று. எல்லோரிடமும் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவ இனிமே உக்கார மாட்டா சக்தி. ஆத்தா மனச மாத்திக்கிட்டா, என்னைய ஆஸ்பத்திரிக்குப் போன்னுட்டா."

"எப்போ சொன்னா?"

"இப்பதான். சமையக்கட்டுல."

செல்வியக்கா, சரி, அவ சொன்னா சரிதான், சுண்டலையாவது குடுங்க சக்தி என்று வாங்கிக்கொண்டு போனார். அம்மா உள்ளே வந்தாள். ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். நான் என்ன பொய்யா சொன்னேன் என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரியவள், உனக்குப் புரிந்தால் எனக்குச் சொல்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம். வியாழக்கிழமை இடம் இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறதாம், நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தால் பார்க்கலாம் என்றார்கள். நானும் போகிறேன், பள்ளிக்கு லீவு. உன்னிடம் அறிவுரை என்று சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முகத்துக்கு எது போட்டாலும் போடு, ஆனால் போடுவது வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்கட்டும். வெயிலில் போனால் தலையை மூடு, யார் எடுத்துவிட்டாலும் மறுபடி மூடு. நீ என்னிடம் எதையாவது சொல்ல வரும்போது நான் காலைச் சுவரில் வைத்துக் களைத்துப் படுத்திருந்தாலும் எழுப்பிச் சொல். திட்டுவேன், ஆனாலும் சொல். அம்மா தூங்கவில்லை, பக்கத்தில் புரண்டுகொண்டிருக்கிறாள். எழுதறத நிறுத்திட்டுப் படுடி என்று இப்போதுதான் சொன்னாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குப் பயப்படுகிறோம்.